இருட்டில் கைக்கெட்டும் மேசை

வீட்டில் உள்ள மற்ற மேசைகளை நாம் கண்ணால்தான் பயன்படுத்துகிறோம். சாப்பாட்டு மேசையில் ரசக் கிண்ணம் எங்கே என்று பார்த்த பிறகுதான் கரண்டி நீளும். எழுதும் மேசையும் அப்படியே. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன மேசைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. விளக்கை அணைத்த பிறகுதான் அதற்கு வேலையே ஆரம்பம். ராத்திரி இரண்டரை மணிக்குத் தொண்டை வறண்டு விழிப்பு வரும். கை மட்டும் போர்வையை விட்டு வெளியே வந்து துழாவும். கண் பாதி உறக்கத்திலேயே இருக்கும். அந்தக் கை எதையும் தட்டிவிடாமல் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அது நல்ல மேசை. கடைக்காரர்கள் இதை நமக்குப் பட்டப்பகல் வெளிச்சத்தில், பூச்சாடியும் இரண்டு பொம்மைப் புத்தகங்களும் வைத்துக் காட்டி விற்கிறார்கள். ஷோரூமில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு மேசையைத் தடவிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் வீடுகளில் இப்படி ஒரு மரச்சாமான் வந்தது பிற்பாடுதான். பாயில் படுத்தவர்களுக்குத் தரையே மேசை. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு பனையோலை விசிறி, பிறகு வந்த காலத்தில் ஒரு டார்ச். சுவரில் மாடக்குழி இருந்தால் அதில் விளக்கும் தீப்பெட்டியும். கிழவர்களுக்கு வெற்றிலைச் செல்லம். இவ்வளவுதான் உடைமை, இதில் அடைசல் சேர வழியே இல்லை.

அந்தச் சொம்பை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கி, வாய் மறுபடி விரிந்திருக்கும். எடை எல்லாம் கீழே. தூக்கக் கலக்கத்தில் புறங்கை அதன் வயிற்றில் இடித்தால் கொஞ்சம் ஆடும், சாயாது. துழாவும் விரல் வளைவில் வழுக்கி மேலே போனால் தானாகவே கழுத்துக்கு வந்து சேரும். கழுத்து ஒடுங்கியிருப்பதால் ஒரே கைப்பிடியில் அடங்கும். விரிந்த விளிம்பு பிடி நழுவவிடாமல் மேலே காவல் நிற்கும். இனி அதன் வாயில் கவிழ்த்து வைத்த தம்ளர். பல்லி விழாமலும் எறும்பு ஏறாமலும் மூடி. குடிக்கும்போது அதுவே பாத்திரம். தனியாக ஒரு தட்டு, தனியாக ஒரு குவளை என்று இடத்தை அடைக்காமல் இரண்டு வேலையை ஒரு பொருள் செய்கிறது. இன்று நாம் வைத்துக்கொள்ளும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் உயரம், எடையில்லாதது, பாதி காலியானால் சுண்டுவிரல் பட்டாலே சாயும். திருகு மூடி போட்ட ஸ்டீல் பாட்டில் சாய்ந்தாலும் கொட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் திறக்க இரண்டு கை வேண்டும், இரண்டு கை வேண்டுமென்றால் எழுந்து உட்கார வேண்டும், உட்கார்ந்தால் உறக்கம் போச்சு.

அடுத்து மூக்குக் கண்ணாடி. கிட்டப்பார்வை அதிகமாக இருப்பவர்களின் சங்கடம் மற்றவர்களுக்குப் புரியாது: தொலைந்த கண்ணாடியைத் தேடக் கண்ணாடி வேண்டும். அதனால் அவர்கள் மேசையில் கண்ணாடிக்கென்று மாறாத இடம் ஒன்று இருந்தாக வேண்டும். புத்தகத்தின் மேல், தலையணைக்கு அடியில், ஜன்னல் விளிம்பில் என்று அது தினம் ஊர் சுற்றக் கூடாது. என் வழக்கம், மேசையின் உள்மூலை, அதாவது கட்டிலை ஒட்டிய பக்கத்தில் சுவருக்கு அருகே. கையை நீட்டினால் விரல் முதலில் சுவரைத் தொடும். அங்கிருந்து ஒரு சாண் கீழே இறங்கினால் கண்ணாடிக் கூடு. தண்ணீர் அதற்கு நேர் எதிர் மூலையில். இரண்டுக்கும் நடுவில் காலி. அந்தக் காலியிடத்தில் எதையாவது வைக்கலாமே என்று வீட்டில் யாருக்காவது தோன்றும். வைக்கக் கூடாது. கை வந்து இறங்கும் இடம் அது.

உயரம். இதில்தான் பெரும்பாலான வீடுகளில் கோளாறு, அதற்குக் காரணம் மேசை அல்ல, மெத்தை. ஆசாரி வீட்டுக்கே வந்து செய்து கொடுத்த பழைய கட்டில் பலகைவரை சுமார் ஒன்றரை அடி இருக்கும். அதன்மேல் நாலு அங்குல இலவம்பஞ்சு மெத்தை. ஆக, படுக்கையின் மேல்மட்டம் 22 அங்குலம். பக்கத்தில் இரண்டடி ஸ்டூல் போட்டால் மெத்தையைவிட இரண்டு அங்குலம் தூக்கலாக, சரியாக வந்தது. பிறகு ஸ்பிரிங் மெத்தை வந்தது. பத்து அங்குலம் சாதாரணம். படுக்கை 28 அங்குலத்துக்கு ஏறிவிட்டது, ஸ்டூல் அதே 24-இல் நிற்கிறது. நாலு அங்குலப் பள்ளத்தில் இருக்கும் தம்ளரை எடுக்கத் தோள் கட்டிலுக்கு வெளியே சரிய வேண்டியிருக்கிறது. மெத்தையைவிட மேசை ரொம்ப உயர்ந்துபோனால் வேறு தொல்லை: முழங்கையைத் தூக்கி, மேலிருந்து பொருளை இறக்க வேண்டும், மணிக்கட்டு கடைசியாக எதையாவது இடித்துவிட்டுத்தான் வரும். மெத்தை மட்டத்துக்குச் சமம், அல்லது இரண்டு அங்குலம் கூடுதல், அதுதான் கணக்கு. டேப் வைத்து அளக்கும்போது கட்டிலில் ஒருவர் படுத்திருக்க வேண்டும். வெறும் மெத்தையின் உயரமும் ஆள் படுத்த மெத்தையின் உயரமும் ஒன்றல்ல.

உயரத்தை இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு மேசை உலகப் புகழ் பெற்றிருக்கிறது. 1878-இல் அயர்லாந்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த எயிலீன் கிரே, 1926-இலிருந்து 1929-க்குள் பிரான்ஸின் தென்கடற்கரையில் ரோக்ப்ரூன்-காப்-மார்த்தான் என்ற ஊரில் ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டின் பெயர் இ-1027. பெயரே ஒரு விடுகதை: இ என்பது எயிலீன், ஆங்கில நெடுங்கணக்கில் பத்தாவது எழுத்தும் இரண்டாவது எழுத்தும் அவருடைய தோழர் ழான் பதோவிச்சியின் தலைப்பெழுத்துகள், ஏழாவது எழுத்து கிரே. அங்கே அவர் வடிவமைத்த கட்டில் மேசைக்கும் இன்று அந்தப் பெயர்தான். படுக்கையில் சாய்ந்தபடியே காலை உணவு சாப்பிடும் பழக்கமுள்ள தன் சகோதரிக்காகச் செய்தார் என்பார்கள். ரொட்டித் துகள் விரிப்பில் சிந்தாமல் இருக்க வேண்டும், அதுதான் பிரச்சினை.

தீர்வைப் பாருங்கள். மேலே வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றி எஃகுக் குழாய். கீழே பாதமும் வளையம்தான், ஆனால் முழுதாக மூடாமல் ஒரு பக்கம் வாய் விட்ட வளையம். இரண்டையும் இணைக்கும் தண்டு நடுவில் இல்லை, ஒரு ஓரத்தில் இருக்கிறது. அதனால் பாதம் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்ள, மேற்பலகை படுத்திருப்பவரின் மடிக்கு மேலேயே வந்து நிற்கும். தண்டு ஒன்றுக்குள் ஒன்று ஓடும் குழாய். துளையில் ஒரு சிறு ஊசியைச் செருகினால் வேண்டிய உயரத்தில் நின்றுவிடும். அந்த ஊசி தொலைந்துபோகாமல் இருக்க ஒரு மெல்லிய சங்கிலி. எனக்கு அந்த மேசையில் பிடித்ததே அந்தச் சங்கிலிதான். குழாயை வளைத்தவர்கள் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பலர். கழற்றிய ஊசியை எங்கே வைப்பது என்று தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் தடுமாறுவார் என்று யோசித்தவரிடம்தான் மனம் போகிறது.

நம் வீட்டுக்கு அது ஒத்துவருமா என்றால், சந்தேகம்தான். இப்போது கட்டில்கள் எல்லாம் அடியில் பெட்டி வைத்தே வருகின்றன. பாதம் நுழைய இடமில்லை. கண்ணாடிப் பலகைமேல் எவர்சில்வர் தம்ளரை வைத்தால் வரும் ‘ணங்’ என்ற ஓசைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்துவிடுவார். மரம் அப்படியில்லை. தேக்குப் பலகை அதே தம்ளரை ஒரு மெல்லிய ‘டொப்’போடு வாங்கிக்கொள்ளும். சன்மைக்கா ஒட்டிய ப்ளைவுட் இரண்டுக்கும் நடுவே. மரத்துக்கு உள்ள ஒரே பலவீனம் ஈரம்: அரக்கு கலந்த பழைய பாலிஷின் மேல் தம்ளரின் ஈர வட்டம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்குப் பத்தமடைக் கோரைப்பாயில் வட்டமாக வெட்டி ஓரம் தைத்த சிறு விரிப்பு ஒன்று போதும். ஈரம் தடுக்கும், ஓசையை இன்னும் தணிக்கும், எல்லாவற்றையும்விட, கோரையின் வரிவரியான முதுகு விரல்நுனிக்குத் தெரியும். வழவழப்பான மரத்தில் ஊர்ந்து வரும் விரல் வரி தட்டுப்பட்டதும் நின்றுவிடும். தண்ணீர் வந்தாயிற்று.

மேசையின் ஓரம் எப்படி முடிகிறது என்பது இன்னொரு நயம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கட்டிலோரம் வைத்துக்கொண்ட மேசைகளின் உண்மையான உத்தியோகம் சிறுநீர்ப் பாத்திரத்தை மறைத்து வைப்பது. அதற்குத்தான் அடியில் கதவு போட்ட அலமாரி. வேலை அற்பமானது என்று ஆசாரி மெனக்கெடாமல் விடவில்லை. பல மேசைகளில் மேற்பலகையைச் சுற்றி மெல்லிய மரவேலி ஓடும்; இரண்டு பக்கமும் வேலியிலேயே கை நுழையும் துளை வெட்டியிருக்கும். மெழுகுவத்தி உருளாமல் இருக்க வேலி, பகலில் மேசையையே தூக்கி மூலையில் வைக்கத் துளை. பாத்திரம் போய் மூன்று தலைமுறை ஆன பிறகும் அந்த அலமாரிக் கதவு கட்டிலோர மேசைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் இன்று பழைய சார்ஜர்கள் வாழ்கின்றன.

அந்த வேலி நமக்கும் வேண்டும், காரணம் வேறு. படுக்கப் போகும்போது தோட்டைக் கழற்றி வைக்கும் பெண்களைக் கேளுங்கள். தோடு கிடைத்துவிடும், திருகாணி கிடைக்காது. மிளகைவிடச் சின்னது, உருண்டு ஓடும், தரையில் விழுந்தால் சத்தமும் போடாது. மேசையின் மூன்று பக்கம் அரை அங்குல பீடிங் அடித்துவிட்டால் அது மேசையைத் தாண்டாது. நாலாவது பக்கம், கட்டிலை நோக்கிய பக்கம், திறந்தே இருக்கட்டும். கை தடையில்லாமல் நுழையவும், காலையில் துணியால் ஒரே இழுப்பில் தூசியைத் தள்ளவும். அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் காவல் இருந்தால் சரி. கிண்ணத்தின் உட்புறம் மூலையில்லாமல் வளைந்திருக்க வேண்டும். தட்டை அடியுள்ள டப்பாவில் கிடக்கும் திருகாணியை விரல் துரத்திக்கொண்டே இருக்கும்; வளைந்த கிண்ணத்தில் அதுவே உருண்டு விரலுக்கு வந்துவிடும். பித்தளைச் சந்தனக் கிண்ணத்துக்கு இதைவிட நல்ல ஓய்வுக்கால வேலை கிடையாது.

இழுப்பறை ஒன்று போதும், அதுவும் மூன்று அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான அறையில் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேலே இருப்பதைத்தான் கை அறியும். ஆழமில்லாத அறையில் எல்லாம் ஒரே அடுக்கில் படுத்திருக்கும். படுத்தபடி இழுக்கும்போது நாம் நேராக இழுப்பதில்லை, பக்கவாட்டில் சாய்த்துத்தான் இழுக்கிறோம். அகலமான இழுப்பறை அப்போது கோணிக்கொண்டு சிக்கும். சின்னதும் ஒடுக்கமுமான அறை சிக்காது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கில் செய்த சிறு மேசைகள் சில சமயம் கிடைக்கும். அவற்றில் ஒன்றின் இழுப்பறையை வெளியே உருவிப் பார்த்தால் பக்கப் பலகைகள் ஆணியில்லாமல் புறாவால் வடிவில் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். அடியில் ஓடுதடம் பல்லாண்டு உரசலில் கண்ணாடி போல வழவழத்திருக்கும். பிடித்து இழுத்தால் ஒரு மூச்சு விடும் ஓசையோடு வரும். வராமல் முரண்டு பிடித்தால் தடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். இப்போது எல்லோரும் போடும் டெலஸ்கோபிக் சேனலும் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் எல்லா அறையும் ஒரே மாதிரி ஓடுகிறது.

விளக்கின் அழகு அதன் சுவிட்சில் இருக்கிறது. பழைய வீடுகளில் பெட் சுவிட்ச் என்று ஒன்று கட்டில் சட்டத்தில் வயரோடு தொங்கும். பேக்கலைட்டில் செய்தது, உள்ளங்கைக்கு அடக்கமானது. அதன் பொத்தான் குறுக்கே ஊடுருவி நிற்கும் குச்சி. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் துருத்திக்கொண்டு வரும். விளக்கு எரிகிறதா இல்லையா என்பதையே கட்டைவிரல் சொல்லிவிடும். மின்சாரம் போன இரவில் அதன் அருமை தெரியும். தொட்டால் எரியும் இந்தக் காலத்து விளக்குகள் தண்ணீரைத் தேடும் கை பட்டாலும் எரிந்து தொலைக்கின்றன. வாங்குவதானால் அடிப்பாகத்திலோ வயரிலோ கையால் உணரக்கூடிய சுவிட்ச் உள்ளதாக வாங்கலாம். பல்பு 2,700 கெல்வின் மஞ்சளாக இருக்கட்டும். 6,500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு. கவிகையின் கீழ் விளிம்பு, சாய்ந்து உட்கார்ந்து படிப்பவரின் கண் மட்டத்தில் இருந்தால் பல்பு கண்ணில் குத்தாது, வெளிச்சம் பக்கத்தின் மேல் விழும். விடிவிளக்குக்குப் போடும் பழைய ஜீரோ வாட்ஸ் பல்பைப் பற்றி ஒரு வார்த்தை: பெயர்தான் ஜீரோ, அது இழுத்தது 15 வாட் அளவு. அந்தக் கால மீட்டர்களில் அவ்வளவு சின்னக் கணக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

டைம்பீஸும் கைக்காகச் செய்த பொருள்தான். பின்புறம் இரண்டு சாவி, ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று அலாரத்துக்கு. மணி அடிக்கும்போது அலாரச் சாவி தானாகவே சுழலும். முதுகில் கை வைத்தால் விரலடியில் அது திரும்புவது தெரியும். இப்போது அந்த வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. கைபேசிக்கு மேசையின் மேல் இடம் தர எனக்கு மனமில்லை. சார்ஜர் வயருக்கு இழுப்பறையின் பின்பலகையில் ஒரு துளை போட்டு உள்ளே படுக்க வைக்கலாம். அலாரம் அடித்தால் அங்கிருந்தும் கேட்கும்.

தைலக் குப்பியை மறந்துவிட முடியாது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், பிறகு சென்னைக்கு வந்து, எத்தனையோ தலைமாடுகளில் இடம் பிடித்தது. குட்டையான கண்ணாடிக் குப்பி, தட்டினால் சாயாது, வேறு எதோடும் கைக்குக் குழம்பாது. போதாததற்கு மூக்கும் சாட்சி சொல்லும். மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கையை நம்பமாட்டேன். ரத்த அழுத்த மாத்திரைப் பட்டையும் அமிலத்துக்கான மாத்திரைப் பட்டையும் விரலுக்கு ஒன்றேதான். மாத்திரைகளின் இடம் விளக்கைப் போட்டால் மட்டுமே எட்டும் இடம், மேசைமேல் வேண்டாம்.

அடைசல் எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போக வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் ஒரு இரும்பு லாக்கர். மேலே தட்டு, ஒரு இழுப்பறை, கீழே கதவு. சேர்த்த அன்று மேலே ஒரு பிளாஸ்க்தான் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள்: ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டிப் பொட்டலம், விபூதிப் பொட்டலம், எக்ஸ்ரே உறை. நாலாம் நாள் நோயாளி தண்ணீரை எடுக்கக் கூட இருப்பவரைத்தான் எழுப்ப வேண்டும். வீட்டு மேசையிலும் நடப்பது இதேதான், கொஞ்சம் மெதுவாக. ஆளில்லாத இடம் என்று எண்ணி மற்ற அறைகளின் பொருள்கள் வந்து குடியேறும்: மின்கட்டண ரசீது, பேட்டரி தீர்ந்த ரிமோட், யாருடையதோ சாவி. அதற்கு நேர்மாறாக, ரயிலில் ஏசி பெட்டிப் படுக்கையின் சுவரோரம் ஒரு வலைப்பை இருக்கும். கண்ணாடி, தண்ணீர் பாட்டில், படிக்கும் பத்திரிகை. அதோடு பை நிறைந்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டு மேசையின் மேற்பலகையும் ஒன்றேகால் அடிக்கு ஒன்றேகால் அடி இருந்தால் தாராளம். பெரிதாக வாங்கினால் பெரிதாக நிறையும்.

தினம் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கும் வீடுகளில் கால் வைத்த மேசைதான் நிற்கும். தரையோடு தரையாக உட்காரும் பார்ட்டிக்கிள் போர்டு பெட்டி, துடைப்புத் துணியின் ஈரத்தை அடியில் குடித்துக் குடித்து இரண்டு மழைக்காலத்தில் ஊதிவிடும். துடைப்பம் நுழைய ஆறு அங்குல இடைவெளி, காலடியில் ரப்பர் புஷ், இது போதும். கொசுவலை கட்டும் வீடென்றால் மேசையே தோற்றுவிடும்; வலையைத் தூக்காமல் கை வெளியே போகாது, தூக்கினால் கொசு உள்ளே வரும். அங்கே சொம்பையும் டார்ச்சையும் வலைக்குள் எடுத்துக்கொண்டு படுப்பவர்கள் புத்திசாலிகள்.

கடைகளில் இதை ஜோடியாக விற்கிறார்கள், கட்டிலின் இரு பக்கமும் ஒரே அச்சில் ஒன்றொன்று. ஜோடிக்கு அவசியம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. சுவரோரம் படுப்பவருக்கு இடப்பக்கம் கை நீளும், வாசல் பக்கம் படுப்பவருக்கு வலப்பக்கம். ஒருவருக்குத் திருகாணிக் கிண்ணம் வேண்டும், ஒருவருக்குக் கண்ணாடிக் கூடும் தைலமும். ஒரு பக்கம் இழுப்பறை வைத்த தேக்கு மேசையும் மறுபக்கம் சமையலறையிலிருந்து வந்த பழைய ஸ்டூலும் நின்றால், படம் எடுப்பவருக்குத்தான் நஷ்டம். ஸ்டூலின் உயரம் மட்டும் மெத்தைக்குச் சரியாக இருக்கிறதா என்று, ஆளைப் படுக்க வைத்து, ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.